கேள்வி பதில்: பாரம் கூடினால் தூரம் கூடுமா?

கேள்வி: பாடசாலை விஞ்ஞானப் போட்டிக்கு மோட்டார், இறப்பர் பட்டி எதுவுமின்றிச் சாய்ந்த பலகையில் தானாக இறங்கி ஓடும் கார் ஒன்றைச் செய்கிறோம். பலகையின் உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான். சமதரையில் கூடிய தூரம் ஓடும் காருக்கே பரிசு. பாரத்தைக் கூட்டுவதால் பயன் உண்டா? சில்லுக்குப் பழைய சிடி நல்லதா, போத்தல் மூடி நல்லதா?
– தரம் 10 மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாரத்தைக் கூட்டுவதால் பெரிய இலாபம் இல்லை. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் கார், உராய்வே இல்லையெனக் கொண்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்தில் தரையைத் தொடும்; இந்தக் கணக்கில் திணிவு இருபுறமும் வெட்டுப்பட்டுப் போவதை நீங்களே எழுதிப் பார்க்கலாம். பாரத்தோடு அழுத்தசக்தி கூடுவது உண்மையே, ஆனால் அச்சிலும் தரையிலும் உள்ள உராய்வும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. வளித்தடை மட்டும் அவ்வாறு கூடுவதில்லை என்பதால், வெறும் ரெஜிபோமில் செய்த காரைவிடச் சற்றுப் பாரமான கார் முந்தும். அதற்கு மேல் ஈயத்தைக் கட்டினால் அச்சுத்தான் வளையும்.

சூட்சுமம் பாரத்தை வைக்கும் இடத்தில் இருக்கிறது. முன்சில்லு தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதியானால், 30 பாகைச் சரிவில் பாரத்தை 8 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளும்போது, அது 4 சென்ரிமீற்றர் கூடுதலான உயரத்திலிருந்து இறங்குகிறது. முன்சில்லு மேலெழும் அளவுக்குத் தள்ளிவிட வேண்டாம்.

சில்லுக்கு எனது தெரிவு சிடி. கார் ஒரு மீற்றர் ஓடும்போது, 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிடி, 3 சென்ரிமீற்றர் மூடி சுற்றுவதில் நாலில் ஒரு பங்கே சுற்றுவதால், ஒரே கம்பியை அச்சாகப் பாவித்தாலும் அச்சில் வீணாகும் சக்தி அந்த அளவுக்குக் குறையும். பாரமான சில்லைச் சுழற்றவும் சக்தி செலவாகுமே என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். நேரத்தை அளக்கும் போட்டியென்றால் அவர் கேட்பது நியாயம், ஆனால் தூரத்தை அளக்கும் போட்டியில் சுழற்சியில் சேர்ந்த சக்தி சமதரையில் காரைத் தொடர்ந்து ஓட்டவே உதவும்.

சிடியின் நடுத்துளை 15 மில்லிமீற்றர் அகலமானது. ஆகவே அதன்மேல் மூடியொன்றை ஒட்டி, சரியான மையத்தில் துளையிட்டுச் சைக்கிள் கம்பியை இறுக்கமாகச் செருகுங்கள். அந்தக் கம்பி, பால் பக்கற்றோடு வரும் மெல்லிய உறிஞ்சு குழாய்க்குள் தாராளமாகச் சுழல வேண்டும். காரைக் கவிழ்த்துச் சில்லை விரலால் தட்டிவிட்டு, அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு ஆடினால் மூடியைக் கழற்றி மீண்டும் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினோம். முதலில் நன்றாக ஓடிய கார் இப்போது சீக்கிரமே நின்றுவிடுவதோடு, ஒரு பக்கமாகவும் இழுக்கிறது.
– மாணவர் குழு, கல்முனை

பதில்: கடற்கரை ஊர்களின் மணலுக்கு எண்ணெய் பிடித்தமானது. துடைத்துவிட்டு, பென்சில் கரியைப் பொடியாக்கி அச்சில் தேயுங்கள். இழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அச்சுகள் சமாந்தரமாக இல்லாமையே; இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இரு பக்கமும் அளந்து சமப்படுத்துங்கள். பிறகும் இழுத்தால், பலகையை மண்டபத்தின் மறுமுனைக்கு மாற்றி எதிர்த்திசையில் ஓடவிடுங்கள். கார் மீண்டும் தன் இடப்பக்கத்துக்கே திரும்பினால் குறை காரில்; மண்டபத்தின் அதே சுவரை நோக்கிப் போனால் குறை தரையில்.