பூதம் எப்படி ஐயா வெடிக்கும்?

கேள்வி: எதை எடுத்தாலும் 'பிரச்சினை பூதாகரமாக வெடித்தது' என்கிறார்கள். ஆங்கிலத்தில் பாயிலிங் பாயின்ட், லாஸ்ட் ஸ்ட்ரா என்று விதவிதமாக இருக்கிறதே, தமிழில் மட்டும் சொல் பஞ்சமா? கூடவே ஒரு சந்தேகம். 'கட்சியில் 11-ஆம் எண் புயல் கூண்டு' என்று ஒரு தலைப்பு பார்த்தேன். சரிதானா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பஞ்சம் மொழியில் இல்லை, அவசரமாகத் தலைப்பு போடுகிற மேஜையில்தான். பூதாகரம் என்றால் பூதத்தின் உருவம். அது வளரும், மிரட்டும், வழியை மறிக்கும். வெடிக்காது. 'அரசியலில் பூகம்பம் வெடித்தது' இதற்குத் தம்பி. பூகம்பத்தில் நிலம் அதிரும், பிளக்கும், வெடிப்பது எரிமலை.

வெடித்தல் என்ற சொல்மேல் எனக்குக் கோபமில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் கோடையில் களிமண் வயல் வெடிக்கும். பருத்திக் காய் வெடிக்கும், காய்ந்த உளுந்து நெற்று வெடிக்கும். ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கி, இழுவை தாங்காத இடத்தில் பிளக்கிறது. நாள்கணக்கில் நடக்கிற காரியம் அது. செய்தித் தமிழில் இந்த நாள்கணக்கு காணாமல் போய், பட்டாசுச் சத்தம் மட்டும் மிஞ்சிவிட்டது.

உங்கள் மாவட்டத்திலேயே இதைவிட நல்ல சொல் கிடக்கிறது: உடைப்பெடுத்தது. ஏரிக்கரை ஒரே நொடியில் போவதில்லை. முதலில் நண்டு வளையோ எலி வளையோ வழிவிட, கரையின் வெளிச்சரிவில் நீர் கசியும். தெளிந்த நீராக வந்தால் கண் வைத்துக் காத்திருக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே ஓட்டை பெருக்கும், மேலே கரை உட்காரும், அப்புறம்தான் உடைப்பு. கசிகிற வாயிலேயே மண்ணை அமுக்கி அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி தேடிக்கொள்ளும். அதைச் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே நீரைத் தேங்கவிட்டு, எதிர் அழுத்தம் கொடுக்க வேண்டும். ஒரு கட்சிக்குள் முணுமுணுப்பு தெளிந்த கசிவு. சொந்த ஆட்களே வெளியேறத் தொடங்கினால் அது கலங்கல். 'அதிருப்தி உடைப்பெடுத்தது' என்று ஒரு நிருபர் எழுதினால் இத்தனையும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும்.

தண்ணீரிலேயே இன்னும் நுணுக்கம் உண்டு. வழிந்தது, திறந்தார்கள், உடைந்தது: மூன்றும் வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது தென்பெண்ணை கரைபுரண்டது. அணை உடையவில்லை, திறந்தார்கள். 'திறந்தார்கள்' என்று எழுதியவுடன் யார், எத்தனை மணிக்கு, முன்கூட்டிச் சொன்னார்களா என்று வாசகன் கேட்பான். 'வெடித்தது' என்றால் யாரையும் கேட்க முடியாது. 'வன்முறை வெடித்தது' என்ற வாக்கியத்தில் முதல் கல்லை எறிந்தவனும் இல்லை, முதல் தடியை ஓங்கியவரும் இல்லை. எழுவாயைத் தப்பவிடுகிற வசதிக்காகவே அந்தச் சொல் இவ்வளவு செல்லமாக வளர்கிறது என்பது என் சந்தேகம்.

சலசலப்பு, வாக்குவாதம், தள்ளுமுள்ளு, கைகலப்பு, மோதல், கலவரம். இது ஏணி; படி தாண்டி எழுதக் கூடாது. நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டதைக் 'கலவரம்' என்று போட்டால், அடுத்த ஊரில் நிஜமாகவே கலவரமாகிவிடும். (பதட்டம் வேண்டாம், பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்.)

பாயிலிங் பாயின்டுக்கு வருவோம். 'கொதிநிலையை எட்டியது' மொழிபெயர்ப்புச் சரக்கு. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே கிடக்கும், அதனால் அடுப்பு அணையாது. பால்தான் பொங்கும். மேலே படர்கிற ஆடை ஆவியை வெளியே விடாமல் அடைப்பதால் நுரை ஏறி வழிகிறது. வாயை மூடி வைத்த இடத்தில் நடப்பதற்குப் 'பொங்கியது' என்பதே பொருத்தம்.

லாஸ்ட் ஸ்ட்ரா? 'ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோல்' என்று எழுதுகிறவர்களுக்கு நம் ஊரில் மாட்டுவண்டி ஓடியது மறந்துபோனதா? 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்', குறள் 475. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். வள்ளுவர் கடைசி இறகைப் பற்றிப் பேசவே இல்லை, கவனியுங்கள். பழி ஏற்றியவன் மேல்.

கடைசியாகக் கூண்டு. துறைமுகத்தில் ஏற்றுவது 1 முதல் 11 வரை. 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 அபாயம். 8 முதல் 10 பெரும் அபாயம். 5, 6, 7 ஆகியவற்றுக்குள் வித்தியாசம் புயலின் பலத்தில் இல்லை, பாதையில்: துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கிறதா, வலப்பக்கமா, நேரே மேலேயா என்பதுதான். 8, 9, 10-ம் அதே வரிசை. 'புயல் கரையைக் கடந்தது' என்பதை 'ஓய்ந்தது' என்ற பொருளில் எழுதுகிறவர்கள் கடலூர்க்காரர்களிடம் கேட்கட்டும். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த நேரம்தான், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்த நேரம்.

நீங்கள் பார்த்த தலைப்பை எழுதியவர் 10-ஐவிடப் பெரியது 11 என்று கணக்குப் போட்டிருப்பார். 11-க்கு அர்த்தம் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. தலைமை போனை எடுக்காத கட்சியாக இருந்தால் தலைப்பு சரிதான்.