மூணு வாரத்துக்கு ஒரு வாத்தியார் வேண்டாம்

கேள்வி: என் பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டான். மே மாசம் மூணு வாரம் மேற்கு கென்யாவுல ஒரு கிராமத்து அனாதை இல்லத்துல தங்கி அந்தப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லித்தரப் போறான். அவங்க ஸ்கூல் வாழ்க்கை எப்படி இருக்கும்? என்ன வாங்கிட்டுப் போனா சந்தோஷப்படுவாங்க?
(வாசகி ஒருவர்)

பதில்: உங்க பையன் மனசு நல்ல மனசும்மா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவன் அங்க போய் கிளாஸ் எடுக்க வேண்டாம். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க கேட்ட அந்த ஸ்கூல் நாளைச் சொல்லிடறேன், பாதி பதில் அதுலயே இருக்கு.

மேற்கு கென்யாவுல கிசுமு, சியாயா ஊர்கள் பக்கம் பூமத்திய ரேகை போற இடம், வருஷம் பூரா காலைல ஆறரை மணி வாக்குலதான் வெளிச்சம் வரும். பிள்ளைங்க அதுக்கு முன்னாடியே இருட்டுல எழுந்துடுவாங்க. பெரிய பிள்ளைங்க பிளாஸ்டிக் கேன்ல தண்ணி தூக்கிட்டு வந்து, சின்னவங்களுக்கு முகம் கழுவிவிட்டு, ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு டம்ளர் உஜி குடிச்சிட்டு கிளம்புவாங்க. உஜின்னா மக்காச்சோள மாவுலயோ கேழ்வரகுலயோ காய்ச்சின கஞ்சி. எட்டு மணிக்கு கிளாஸ். மதியம் கிதெரி, மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் ஒண்ணா வேகவச்சது. மூணரைக்கு பாடம் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் விளையாட்டு, பிளாஸ்டிக் பையை உருட்டி கயிறு சுத்தின பந்துலயே ஃபுட்பால் நடக்கும். அப்புறம் துணி துவைக்கறது, சமையலுக்கு உதவி, ராத்திரி உகாலிக் களியும் சுகுமா விக்கி கீரையும், அதோட ப்ரெப், அதாவது ராத்திரிப் படிப்பு. இல்லத்துப் பிள்ளைங்க நிறைய பேர் ஊர்ல இருக்கற அரசுப் பள்ளிக்கேதான் போறாங்க, பாட்டி வீட்ல இருந்து வர்ற பிள்ளைங்களோட ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கறாங்க. அப்படித்தான் இருக்கவும் வேணும், காம்பவுண்டுக்குள்ளயே தனி ஸ்கூல் கட்டி பிள்ளைங்கள ஊரோட ஒட்டாம வச்சிருக்கற இல்லம் எனக்குப் பிடிக்காது.

இங்கிலீஷ் விஷயம் பாருங்க. வீட்ல லுவோ மொழி, ஸ்கூல்ல கிஸ்வாஹிலி, நாலாங்கிளாஸ்ல இருந்து பாடம் எல்லாமே இங்கிலீஷ். பத்து வயசுப் பிள்ளை மூணு மொழியில புழங்குது. சிலபஸும் 2017ல இருந்து ஒவ்வொரு கிளாஸா மாறி வந்துச்சு, எட்டாங்கிளாஸ் முடிவுல இருந்த பழைய பொதுத்தேர்வு 2023ஓட முடிஞ்சுபோச்சு. இந்தப் புது முறைய அங்க இருக்கற டீச்சருங்க பயிற்சி எடுத்து நடத்திட்டு இருக்காங்க. கென்யாவுல வாத்தியார் வேலை பார்க்கணும்னா அங்கத்து டீச்சர்ஸ் சர்வீஸ் கமிஷன்ல பதிவு பண்ணியிருக்கணும்னு சட்டமே இருக்கு. மே மாசம் அங்க லீவும் கிடையாது, ரெண்டாவது டேர்ம் ஓடிட்டு இருக்கும். அதுக்கு நடுவுல மூணு வாரம் ஒருத்தர் வந்து வேற மாதிரி சொல்லிக்குடுத்துட்டு, பிள்ளைங்க ஒட்டிக்கிட்டதும் கிளம்பிப் போயிட்டா, அடுத்த வாரம் இன்னொருத்தர் வர்றாரு, அவரும் போயிடறாரு. வர்றவங்க எல்லார் மடியிலயும் ஏறி உக்கார்ற குழந்தைய பாத்து எவ்வளவு பாசம்னு நாம உருகறோம், பிரிஞ்சு பிரிஞ்சு அடிபட்டதாலதான் பல குழந்தைங்க அப்படி ஆகுதுங்க. 2019 டிசம்பர்ல ஐநா பொதுச்சபை நிறைவேத்தின குழந்தை உரிமைத் தீர்மானமே, அனாதை இல்லங்களுக்கு வாலன்டியர் அனுப்பறதால வர்ற கெடுதலைத் தடுக்கணும்னு நாடுகளைக் கேட்டுக்குது.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப மனசு கஷ்டப்படறது இதுதான். உலகம் முழுக்க இப்படி இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல அஞ்சுல நாலு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009லயே சொல்லிடுச்சு. மேற்கு கென்யாவுல எச்ஐவி எத்தனையோ குடும்பத்துல அப்பா அம்மாவைக் கொண்டுபோச்சு, உண்மைதான், ஆனா பாட்டி இருக்காங்க, சித்தி இருக்காங்க, மாமா இருக்காரு. அப்புறம் ஏன் பிள்ளை இல்லத்துல இருக்கு? பல வீட்ல காரணம் ஸ்கூல் செலவு. 2003ல கென்யா அரசு ஆரம்பப் பள்ளி ஃபீஸை எடுத்துடுச்சு, அந்த ஒரே வருஷத்துல சுமார் 59 லட்சமா இருந்த மாணவர் எண்ணிக்கை 72 லட்சம் ஆச்சு. ஆனா யூனிஃபார்ம், மதியச் சாப்பாடு, நோட்டு, பரீட்சைக் காசுன்னு மிச்சமெல்லாம் பாட்டி தலைலதான். இல்லத்துல விட்டா படிப்பும் சோறும் கிடைக்கும்னு கொண்டுவந்து விட்டுட்டுப் போறாங்க.

அந்தப் பக்கமே மேற்கு கென்யாவுல 328 பள்ளிக்கூடத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க, பின்னாடி 2019ல பொருளாதார நோபல் வாங்கின எஸ்தர் டஃப்லோவும் மைக்கேல் க்ரெமரும் அதுல இருந்தாங்க. சில பள்ளிகள்ல ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இலவச யூனிஃபார்ம் குடுத்தாங்க, அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சு பாத்தா, குடுக்காத பள்ளிகள்ல 19 சதவீதம் பொண்ணுங்க படிப்பை விட்டிருந்தாங்க, குடுத்த பள்ளிகள்ல 16 சதவீதம்தான். பசங்கள்ல அது 13, இது 10. ரெண்டு செட் துணிக்கு இது பெரிய பலன்மா.

அதனால என்ன வாங்கிட்டுப் போகலாம்னு கேட்டதுக்கு என் பதில், இங்க இருந்து எதுவும் வாங்காதீங்க. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் யூனிஃபார்ம் கலர் வேற, அந்த ஊர் டெய்லர்கிட்ட தைச்சாதான் அளவும் சரியா இருக்கும், அவருக்கும் பொழப்பு ஓடும். ஃபிளைட் டிக்கெட் காசுல எத்தனை பாட்டி வீட்டுப் பிள்ளைங்களுக்கு யூனிஃபார்மும் ஒரு வருஷச் சாப்பாடும் வரும்னு அந்த ஊர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்கிட்டயே பையனைக் கேக்கச் சொல்லுங்க. கென்யா அரசே 2017 நவம்பர்ல புது இல்லங்களுக்குப் பதிவு குடுக்கறத நிறுத்திடுச்சு, 2022ல இருந்து பிள்ளைங்களை குடும்பத்துக்கிட்ட திருப்பி அனுப்பறதுக்கு பத்து வருஷத் திட்டம் போட்டிருக்கு. பிள்ளைங்களை அப்படி வீட்டுக்கு அனுப்பற வேலையைச் செய்யறவங்களுக்கும் அந்தக் காசைக் குடுக்கலாம்.

இல்ல, அந்த இல்லத்துக்குத்தான் குடுப்பேன்னு பையன் சொன்னா, முதல்ல ஒரு மெயில் போட்டு மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க. இல்லம் அரசுல பதிவாகியிருக்கா, எத்தனை பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்காங்க, போன வருஷம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க. நல்லா நடக்கற இல்லம்னா இதுக்கெல்லாம் தயங்காம பதில் சொல்லும். மழுப்பினாங்கன்னா அங்க ஒரு பைசாவும் குடுக்க வேண்டாம்.