பழைய கேம் மெஷினைப் பிரித்துப் போடும் பையன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) எழுத வேண்டிய பையன், காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் கேம் மெஷின்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறானே, இதில் என்ன பிழைப்பு இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்கிறேன். அந்த மெஷின்களைப் பழுது பார்த்து மட்டும் மலேசியாவில், நம் பினாங்கில், ஒரு குடும்பத்தை நடத்துவது கஷ்டம். அவற்றுக்குரிய பிக்சர் டியூப் (பழைய டிவியில் இருக்கும் கண்ணாடிக் குழாய்த் திரை) இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. வேலை கொடுப்பவர்களும் பழையவற்றைச் சேகரித்து வைக்கும் சிலர்தான். ஆனால் பையன் கற்றுக்கொண்டிருப்பது கேம் இல்லை, பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை. அதை வைத்து நம் ஊரிலேயே நன்றாகப் பிழைக்கலாம்.

தம்பியிடம், அதாவது உங்கள் பையனிடம், பேசிப் பார்த்தேன். “போர்டு (கேமை இயக்கும் மின்னணுப் பலகை) ஓடவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய்?” என்று கேட்டேன். “5 வோல்ட் வருகிறதா என்று அளப்பேன். பவர் சப்ளையில் அளந்தால் போதாது, போர்டிலேயே அளக்க வேண்டும்” என்றான். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாகக் காட்டும். கருகிப்போன கனெக்டரைத் தாண்டி ஐசிக்கு (போர்டிலுள்ள சில்லுக்கு) போகும்போது 4.75-க்குக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் காலத்து டிடிஎல் என்ற வகை ஐசிக்கள் அதற்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இது தெரியாதவர்கள் நல்ல ஐசியையெல்லாம் கழற்றி வீணாக்குவார்கள்.

திரையின் நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு மட்டும் தெரிந்தால் என்ன என்றும் கேட்டேன். “படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி போய்விட்டது. அங்கே இருக்கும் ஐசி, காய்ந்துபோன கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்), விரிசல் விட்ட சோல்டர் (பாகங்களைப் போர்டோடு இணைக்கும் பற்று) இந்த மூன்றையும் பார்ப்பேன்” என்றான். அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைச் சுருக்கிக்கொண்டு வரும் இந்தப் பழக்கம் டிப்ளோமா முடித்து வருகிற எல்லோரிடமும் இருப்பதில்லை.

சரி, உங்களுடைய பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது. பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட இடத்தில் ஏறக்குறைய 20,000 வோல்ட் இருக்கும். மெஷினை அணைத்த பிறகும் அது டியூபில் தங்கி நிற்கலாம். கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி, தட்டினால் உடைந்துவிடும். பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பழைய மானிட்டர்களின் போர்டு நேராக வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அதற்கு, வீட்டு மின்சாரத்தோடு உள்ள நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். அமெரிக்க, ஜப்பானிய மெஷினுக்காக நாம் கடையில் வாங்கும் ஸ்டெப் டவுன் பெட்டி பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான். அது வோல்டேஜைக் குறைக்கும். மின்சாரத் தொடர்பைத் துண்டிக்காது. இதை தம்பியிடம் கேட்டபோது பதில் வரவில்லை. ஆகவே இப்போதைக்கு மானிட்டர் பக்கம் கை வைக்க வேண்டாம், கேம் போர்டோடு நிற்கட்டும். டிவி பழுது பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகு தொடலாம். தனியாக வீட்டில் இருக்கும்போது எப்போதும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாகவே இருங்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதைப் பையனோடு உட்கார்ந்து பேசுங்கள். ஐசி தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் தொழிற்சாலை தொடங்கியது பினாங்கில், 1972-இல். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேம் மெஷினுக்குள் மூளையாக ஓடியது இன்டெல் 8080 என்ற ஐசி. அந்தக் காலத்துப் போர்டுகளில் பல ஐசிக்களின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சாகியிருக்கும். தம்பி போர்டைக் கையில் எடுக்கும்போது நீங்களே தேடிப் பாருங்கள்.

அப்புறம் படிப்பு. மலாய்மொழியும் வரலாறும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, அதில் விளையாட்டு வேண்டாம். கணிதமும் இயற்பியலும் நன்றாக வந்தால், பெர்மாத்தாங் பாவிலுள்ள செபராங் பிறை போலிடெக்னிக்கில் மின், மின்னணுத் துறை டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து நிபோங் திபாலில் உள்ள யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் வரை கனவு காணலாம். தேர்வு முடிவு சுமாராக இருந்தாலும் கதவு மூடிவிடாது. திறன் சான்றிதழ் வழி இருக்கிறது: எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்று நிலைகள், மேலே டி.கே.எம். (திறன் டிப்ளோமா), அதற்கும் மேலே டி.எல்.கே.எம். (உயர்நிலைத் திறன் டிப்ளோமா). திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. தரும் கடனுதவி இந்த வழிக்காகவே இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பி.எஸ்.டி.சி. (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்), தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்தும் பயிற்சி மையம். அங்கேயும் ஒரு நாள் போய் விசாரியுங்கள். திறன் வழியை மட்டமாக நினைக்கும் பழக்கம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது, அது எனக்கு வருத்தம்.

வேலை என்று வரும்போது கேம் மெஷினை மறந்துவிடுங்கள். ஐசி ஏன் பழுதானது என்று ஆராயும் ஆய்வுக்கூடங்கள், சோதனைப் பிரிவுகள், மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு என்று இடங்கள் உள்ளன. தொழிற்சாலைகளில் பழைய சி.என்.சி. மெஷின்கள் (கணினி வழி உலோகம் வெட்டிக் கடையும் இயந்திரங்கள்) இன்னும் ஓடுகின்றன, சிலவற்றில் அதே பிக்சர் டியூப் மானிட்டர். அது நின்றால் உற்பத்தி நிற்கும். புது மெஷின் வாங்குவதைவிடப் பழுது பார்ப்பவருக்குக் கொடுப்பது அவர்களுக்கு லாபம். இந்த வேலைக்கு இளைஞர்கள் அதிகம் வருவதில்லை.

இப்போதே ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பக்கம்: என்ன அறிகுறி, எங்கே என்ன அளந்தான், எதைச் சந்தேகித்தான், எதை மாற்றினான், சரியானதா. சரியாகாததையும் எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டுப் புத்தகத்தை நீட்டினால், எதிரே இருப்பவர் பொறியியலாளராக இருந்தால், பேச்சு வேறு மாதிரி போகும். வாரநாளில் பாடம், சனி ஞாயிறு மதியம் போர்டு என்று நேரம் பிரித்துக் கொடுங்கள். முழுதாகத் தடுத்தால் ஒளித்துச் செய்வான், ஆபத்து அதில்தான் அதிகம். அடுத்த பள்ளித் தேர்வு முடிவு வந்ததும் அவனையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் அவன் அப்பாவும் வரட்டும்.