கோபுரம் சிக்கிச் சிக்கி இறங்குகிறது: பெரிய மோட்டர் போடலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து அமெச்சூர் வானொலி உரிமம் உள்ள வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடற்கரைக்கு அருகிலுள்ள அவருடைய வீட்டு முற்றத்தில், மோட்டரால் ஏறி இறங்கும் மூன்றடுக்கு அன்ரனாக் கோபுரம் ஒன்று நான்கு வருடமாக நிற்கிறது. முழுதாக ஏறினால் அதன் உயரம் 16 மீற்றர். இரண்டு மாதமாக, இறக்கும்போது நடு அடுக்கு ஓரிடத்தில் சிக்கி நின்று, பிறகு தடாரென்று ஒரு சாண் விழுகிறதாம். கோபுரத்தைப் பொருத்திக் கொடுத்தவர், "மோட்டருக்கு வலு போதாது, பெரியது போடுங்கள்" என்று சொல்லி முற்பணமும் கேட்கிறாராம்.

பணத்தைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் விவரித்துள்ள வகைக் கோபுரத்தை மோட்டர் ஏற்றுகிறதே தவிர, இறக்குவதில்லை. அது தன் சொந்தப் பாரத்தில்தான் இறங்குகிறது. இறங்கும்போது மோட்டரின் வேலை, உருக்கு வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது மட்டுமே. ஆகவே எவ்வளவு பெரிய மோட்டரைப் போட்டாலும் சிக்கிய அடுக்கு சிக்கியபடியே நிற்கும். வடம் மட்டும் உருளையிலிருந்து அவிழ்ந்து தளர்ந்துகொண்டே போகும். மோட்டரைத் தானாக நிறுத்துவதற்குக் கீழே உள்ள லிமிட் சுவிட்ச், அடுக்கு அடியில் வந்து சேர்ந்ததைத்தான் அறியும், நடுவில் வடம் தொய்ந்ததை அறியாது. பின்னர் அடுக்கு விடுபடும்போது, தொய்ந்த தூரம் முழுவதையும் விழுந்து கடந்து, அன்ரனாவின் பாரத்தோடு சேர்த்து வடத்தை ஒரே வெட்டாக இழுக்கிறது. உங்களுக்குக் கேட்கும் அந்தத் தடார் ஓசை இதுதான். வடம் அதை நூறு முறை தாங்கலாம், அடுத்த முறையே அறுந்தும் போகலாம்.

இனி இறக்கும்போது ஒரு கை சுவிட்சிலும் இரண்டு கண்ணும் வடத்திலும் இருக்க வேண்டும். வடம் தொய்யத் தொடங்கிய கணமே நிறுத்தி, கையால் சுற்றும் கைபிடியால் வடத்தை மெதுவாக உருளையில் திரும்பச் சுற்றி, தொய்வு நீங்கி வடம் இறுகியதும் சுற்றுவதை நிறுத்துங்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யாமல், பிள்ளைகளையும் அயலாரையும் கோபுரம் விழக்கூடிய தூரத்துக்கு அப்பால் வைத்துவிட்டு, ஆள் நின்று வேலை செய்யும் வாளி பொருத்திய தூக்கு வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஏறியிருக்கும் கோபுரத்தில் ஆளை ஏற்றக் கூடாது, தேங்காய் பறிக்கிறவரையும் ஏற்றக் கூடாது. அடுக்குகளின் குறுக்குச் சட்டங்கள் இறங்கும்போது கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒன்றையொன்று கடக்கின்றன. இடையில் அகப்பட்ட விரல் திரும்பி வராது.

சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புத்தான். வாடைக் காற்று கடலிலிருந்து கொண்டுவரும் உப்பு அடுக்குகள் உரசும் மூலைகளில் படிந்து, அங்கே துரு பிடிக்கிறது. இங்கேதான் நம் ஊர்த் தரகர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கழித்துக் கட்டிய பழைய கோபுரத்துக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து, "கல்வனைஸ் பண்ணியது" என்று விற்கிறார்கள். கல்வனைஸ் என்பது உருக்கிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்த பூச்சு, அதைக் கத்தி முனையால் சுரண்டினால் லேசான கீறல்தான் விழும். பெயின்ட் என்றால் செதிலாக உரிந்து, அடியில் கறுப்போ சிவப்போ தெரியும். மூலையில் அப்படித் தெரிந்தால் உங்களிடம் இருப்பது பெயின்ட் பூசிய இரும்பு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கோபுரம் என்றால் இன்னொரு கதையும் சொல்வார்கள்: 110 வோல்ட் மோட்டருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் போதுமாம். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்டைக் குறைக்கும், ஆனால் நம் 50 ஹேர்ட்ஸை அவர்களுடைய 60 ஆக மாற்றாது. மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும் கூடுதல் சூட்டோடும் ஓடும்.

சிக்கலைத் தீர்த்த பிறகு வடத்தை மாற்றிவிடுங்கள். இத்தனை முறை வெட்டி இழுபட்ட வடத்தை நான் நம்ப மாட்டேன். நீங்கள் பார்த்துத்தான் தீர்மானிப்பீர்கள் என்றால், கோபுரத்தை முழுதாக இறக்கி வைத்து, பழந்துணியால் வடத்தைத் துடைத்துக்கொண்டு போங்கள். துணி ஓரிடத்தில் நூல் இழுபட்டாலும் அங்கே இழை அறுந்திருக்கிறது. புரிகளுக்குள்ளிருந்து செந்தூள் உதிர்ந்தாலும் அப்படியே. மேலே கிறீஸை அப்பி வைப்பது உள்ளே போன ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். ஊறி இறங்கும் மெல்லிய எண்ணெய்தான் வேண்டும். வள்ளத்தில் கழற்றிய கம்பியை மலிவு என்று வாங்காதீர்கள். பளபளக்கும் ஸ்டெயின்லஸ் வடமும் வேண்டாம்: கப்பியில் வளைந்து வளைந்து அது உள்ளுக்குள் களைத்துப்போகும், துரு காட்டுவது போன்ற ஓர் அறிகுறியையும் முன்கூட்டிக் காட்டாது.

புயல் எச்சரிக்கை வந்தால், கோபுரம் சாயாமல் பிடிக்க இழுவைக் கயிறு கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறி நிற்கும் கோபுரத்துக்குக் கட்டக் கூடாது. கயிறு பக்கவாட்டில் மட்டும் இழுப்பதில்லை, கீழ்நோக்கியும் இழுக்கிறது. அந்தப் பாரம் முழுவதும் அதே வடத்தின் மேல்தான் விழும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அரைகுறையாகக் கேட்டுவிட்டுக் கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். கோபுரம் முழுதாக இறங்கி, அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துவிட்டால், வடத்தின் மேல் பாரமே இல்லை. அப்போது கட்டலாம். ஆனால் அடி அடுக்கின் மேல் விளிம்பில் மட்டுமே கட்ட வேண்டும், உள் அடுக்குகளில் அல்ல. மூன்று பக்கமும் சமமாக, நிலத்தில் கொங்கிறீட்டில் பதித்த வளையங்களுக்குக் கட்ட வேண்டும். கூரை மரத்துக்கோ தென்னைக்கோ அல்ல, தென்னை ஆடும்போது கோபுரத்தையும் சேர்த்து ஆட்டும். புயல் போனதும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், கட்டியதை மறந்து மோட்டரைப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். அடுக்குகளுக்கிடையே பூட்டு ஆணிகளோடு, கயிறு கட்டுவதற்கென்றே தயாரித்த கோபுரங்களும் உண்டு, உங்களுடையது அதுவல்ல.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே இறக்குங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது. அப்படிப்பட்ட இரவுகளில் காற்று வருமுன்பே மின்சாரம் போய்விடும், மின்சாரம் போன பின் மோட்டர் வெறும் இரும்புதான். கைபிடி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அனுமதியைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வானொலி உரிமம் அலைவரிசைக்குத்தான், முற்றத்தில் எழும் இரும்புக்கு அல்ல. சீனக்குடாவில் விமானத்தளம் இருக்கும் ஊரில் உயரத்தைப் பற்றி எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதே நல்லது. என் கோப்பு ஓர் அலுவலகத்தில் மூன்று மேசைகளைக் கடந்த பின், "இது ரிவி அன்ரனாவா?" என்ற கேள்வியோடு முதல் மேசைக்கே திரும்பி வந்தது. அந்தச் சலிப்பைத்தான் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் ஆட்கள் காசாக்குகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கடிதத்தில் கோப்பு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இலக்கத்தைச் சொல்லி நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.