வக்கீல் வாத்தியார் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சட்டக் கல்லூரி ஆசிரியர் சென்ற மாதம் காலமானார். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 12 ஆண்டுகள் சிவில் வக்கீலாக இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் கொண்டுவருகிறோம். வந்திருக்கும் கட்டுரைகள் எல்லாமே ‘எளிமையானவர், கண்டிப்பானவர், மாணவர்களைப் பிள்ளைகளாகப் பார்த்தவர்’ என்ற அளவிலேயே நிற்கின்றன. வாழ்க்கை வரலாற்றை 20 பக்கத்தில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டார் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கேஸ் கட்டுகளும் டயரிகளும் கொடுத்திருக்கிறார்கள். பயன்படுத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டிகளை முதலில் பேசிவிடுவோம், வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 132. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அவர் வாய் திறக்காத ஒன்றை அவர் பெயரில் வரும் மலர் வெளியிடுவது முறையாகாது. ஆகவே கட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். பிராது (வாதியின் மனு), எதிருரை (பிரதிவாதியின் பதில்), சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு நகல் ஆகியவை நீதிமன்றத்துக்குப் போனவை, பயன்படுத்தலாம். கட்சிக்காரர் எழுதிய கடிதங்கள், வக்கீலின் குறிப்புத் தாள்கள், பீஸ் கணக்கு ஆகியவை அந்த இருவருக்கு மட்டும் உரியவை. இரண்டாவது குவியலைப் படிக்காமலே கட்டி வையுங்கள். முதல் குவியலிலும் குடும்ப வழக்கு என்றால் பெயர்களை எடுத்துவிடுங்கள். சிவில் வக்கீல் பெட்டி என்பதால் அசல் கிரயப் பத்திரமோ உயிலோ உள்ளே கிடக்கலாம். கிடந்தால் உரியவரைத் தேடிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். மலரைவிட அது அவசரம்.

இனி வாழ்க்கை. ‘12 ஆண்டு வக்கீல், பிறகு ஆசிரியர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் ‘பிறகு’ எந்த மாதம்? உங்கள் 20 பக்கமும் அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். முழுநேரச் சம்பள வேலைக்குப் போகும் வக்கீல், வக்கீல்களைப் பதிவுசெய்யும் அமைப்பான பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்த வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. ஆனால் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிப்பவர் தொழிலைத் தொடரலாம் என்று 1979-இல் தனி விதிகள் வந்தன. எனவே காலையில் வகுப்பு, பிறகு கோர்ட் என்று சில ஆண்டுகள் இரண்டு படகிலும் கால் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. இது அபூர்வமும் அல்ல. அம்பேத்கர் 1923 முதல் பம்பாயில் வழக்கு நடத்தியவர், 1928-இல் அங்குள்ள அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியரானார், 1935-இல் அதன் முதல்வரானார். ‘விட்டு வந்தார்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அந்த ஆண்டுகள் காணாமல் போயிருக்கும்.

தேதியைக் கல்லூரிப் பணிப்பதிவேடு சொல்லும், பார் கவுன்சில் பதிவும் சொல்லும். அவருடைய பதிவு எண்ணை, அந்த எம்.எஸ். எண்ணை, வக்காலத்துத் தாளிலேயே பார்க்கலாம். ஆனால் நான் நம்புவது வாய்தா டயரியை, வழக்குகளின் விசாரணைத் தேதிகளை வக்கீல் குறித்துவைக்கும் டயரியை. வக்கீல் நினைத்த நாளில் கதவைச் சாத்திவிட்டு வர முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆவது கட்டளை, 4-ஆவது விதிப்படி, ஒருமுறை கொடுத்த வக்காலத்து நீதிமன்ற அனுமதியோடு முடிக்கப்படும்வரை, அல்லது வழக்கு முடியும்வரை உயிரோடு இருக்கும். ஒவ்வொரு கட்டாக வேறு வக்கீலுக்கு மாற்றித்தான் வெளியே வந்திருப்பார். கடைசி இரண்டு மூன்று டயரிகளைத் தேதிவாரியாகப் பாருங்கள். எந்த மாதத்தில் பதிவுகள் குறைகின்றன, கடைசிவரை எந்த வழக்கைக் கையில் வைத்திருந்தார் என்று தெரியும். வழக்கு எண்ணும் கோர்ட்டும் அங்கேயே இருக்கும் என்பதால் மனிதர்களைக் கேட்பதற்கு முன்பே உங்களிடம் கேள்விகள் தயாராகிவிடும்.

அச்சான தீர்ப்புத் தொகுப்புகளில் அவரைத் தேடிவிட்டு ‘அதிகம் வழக்கு நடத்தவில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் உயர்நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். கீழ் நீதிமன்றங்களான முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் உழைத்தவர் பெயர் அங்கே வராது. அப்பீலில் வாதாடியவர் பெயர்தான் வரும். பெயர் கிடைத்தாலும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரே இனிஷியலோடு அதே பெயரில் நாலு வக்கீல்கள் இருந்திருப்பார்கள். ஊரையும் ஆண்டையும் டயரியோடு ஒத்துப் பாருங்கள்.

கோர்ட் அவருடைய வகுப்புக்கு என்ன கொடுத்தது என்பதை மாணவர்களின் பழைய நோட்டுகள் காட்டும். வெவ்வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்த மூன்று நோட்டுகள் போதும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது கட்டளையை நடத்திய பக்கத்துக்குப் போங்கள். பிராதில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை யாரும் பலகையில் எழுதிப்போடலாம். பிராது ஏன் நம்பர் ஆகாமல், அதாவது வழக்கு எண் பெறாமல், திரும்புகிறது என்பதைக் கோர்ட்டில் நின்றவர்தான் சொல்வார். கோர்ட் கட்டணம் குறைவு, வழக்கு மதிப்பீட்டுப் பத்தி தவறு, சொத்து விவரத்தில் எழுதிய நான்கெல்லை பத்திரத்தோடு ஒத்துவரவில்லை, வழக்குமூலம் (வழக்குக்கான காரணம்) எழுந்த தேதி கால வரம்புக்கு வெளியே நிற்கிறது. இப்படிப்பட்ட வரிகள் நோட்டில் இருந்தால் அவற்றை அப்படியே எடுத்துப் போடுங்கள். ‘அனுபவம் மிக்க ஆசிரியர்’ என்ற சொல்லே தேவைப்படாது. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளுக்குப் பிந்தைய மாணவர்களிடம் பயிற்சி டயரி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு சிவில், ஒரு குற்ற வழக்கு விசாரணையைப் பார்த்து எழுத வேண்டிய டயரி அது. ஓரத்தில் அவர் திருத்திய திருத்தங்கள் இருக்குமே, அவையும் அவர் எழுத்துதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 1.7.2024 முதல் தண்டனைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் எண்கள் மாறிவிட்டன. மரண வாக்குமூலத்தை அவர் 32-ஆவது பிரிவு என்றுதான் நடத்தியிருப்பார், இன்றைய மாணவருக்கு அது 26. அவர் பேச்சாக வரும் இடத்தில் பழைய எண்ணை விட்டுவிட்டு, புதிய எண்ணை அடிக்குறிப்பில் போடுங்கள். மெய்ப்புத் திருத்தும் மாணவ வக்கீல் ஒருவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் மாற்றிவைப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய குமாஸ்தா உயிரோடு இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். டயரியைக் கையில் கொண்டுபோங்கள். ‘சார் எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் உங்களுக்கு வந்திருக்கும் கட்டுரைகளில் உள்ள பதில்தான் வரும். ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வழக்கு எண்ணில் விரலை வைத்து, இந்தக் கட்டு யாரிடம் போனது, ஏன் இவ்வளவு தாமதமாகப் போனது என்று கேளுங்கள்.