பதில்: இரண்டாம் உலகப்போரில் கனடா, மகளின் கட்டுரைக்கு எதை எடுப்பது?

பத்தாம் வகுப்பு வரலாற்றுக் கட்டுரைக்கு ஜூனோ கடற்கரையை (1944இல் பிரான்சின் நார்மண்டியில் கனடியர் தரையிறங்கிய இடம்) எல்லோரும் எழுதுகிறார்கள், மகள் பிரான்ஸ் கரையில் உள்ள டியெப் மீதான தாக்குதலை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். 1942 ஆகஸ்ட் 19 அன்று கிட்டத்தட்ட 5,000 கனடியர்கள் போய் 900 பேருக்கு மேல் இறந்த தாக்குதல்தான், ஆனால் அதையும் வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள்.

பெல்ஜியம்-நெதர்லாந்து பக்கம் ஷெல்ட் ஆறு கடலில் சேரும் இடத்தில் நடந்த ஷெல்ட் முகத்துவாரச் சண்டையை எடுக்கச் சொல்லுங்கள். 1944 செப்டம்பர் தொடக்கத்திலேயே பிரித்தானியப் படை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பெரிய சேதமில்லாமல் பிடித்துவிட்டது, ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போகும் நீர்வழியின் கரைகள் ஜெர்மானியர் கையில், அதனால் ஒரு சரக்குக் கப்பல்கூட உள்ளே வர முடியாது, நேசநாட்டுப் படைகளுக்கோ பெட்ரோலும் குண்டும் நார்மண்டிப் பக்கமிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தன. வாசல் பூட்டிய கடையை வாங்கின கதைதான். வழியைத் திறக்கும் வேலை முதலாம் கனடியப் படையின் தலையில் விழுந்தது. வெள்ளம் விட்ட தாழ்நிலம், சேறு, மறைவே இல்லாத அணைக்கரைகள். கனடியர்களில் மட்டும் 6,300 பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். நவம்பர் 28 அன்று துறைமுகத்துக்குள் நுழைந்த முதல் சரக்குக் கப்பல் அணிக்கு முன்னால் வந்தது 'ஃபோர்ட் கட்டராகுவி', அதுவும் கனடாவில் கட்டியது!

ஒன்று கவனம், முதலாம் கனடியப் படையில் பிரித்தானியரும் போலந்துக்காரரும் இருந்தார்கள், எல்லாம் கனடியர் செய்தது என்று எழுதிவிட வேண்டாம். அப்புறம், பிரிட்டன் சொன்னதால்தானே போனார்கள் என்று ஆசிரியர் கேட்டால், 1914இல் முதல் உலகப்போரில் அப்படித்தான், 1939இல் கனடா பிரிட்டனுக்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, தனியாகப் போர் அறிவித்தது.