கொரியாவில் மரியாதை என்பது பணிந்து போவது மட்டும்தானா?

தம்பி, இங்கே சுவோன் நகருக்கு ஆய்வு மாணவராக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பார்த்த உடனே வயதைக் கேட்கிறார்கள், எதையும் இரண்டு கையால் வாங்கச் சொல்கிறார்கள், பேராசிரியர் ஸ்பூனை எடுக்கும்வரை யாரும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. கொரியர்களின் இந்தப் பழக்கங்களுக்கு வேராக இருக்கும் பழைய சீன ஞானி கன்பூசியஸ் சொன்ன நல்லொழுக்கம் என்றால் மேலே இருப்பவருக்குப் பணிந்து போவதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. இங்கே பல வருடங்களாக இருக்கிறேன், இதை உறுதியாகவே சொல்வேன்.

வயதைக் கேட்பதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது தெரியாமல் உங்களிடம் எந்த மரியாதை வடிவத்தில் பேசுவது என்று அவர்களால் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

கன்பூசியஸ் கி.மு. 551இல் இன்றைய ஷான்டோங் பகுதியில் பிறந்தவர். அவர் பேச்சுகளைத் தொகுத்த லுன்யூவைப் படித்தால், வெறும் சடங்கின் மேல் அவருக்கு எவ்வளவு கோபம் என்று தெரியும். மனதில் அன்பு இல்லாதவனுக்கு முறைகளால் என்ன பயன் என்று கேட்கிறார். பெற்றோருக்குச் சோறு போட்டால் கடமை முடிந்தது என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மதிப்பு இல்லையென்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்கிறார்.

அப்படியானால் மனம் மட்டும் போதுமா? போதாது என்பதும் அவர் சொன்னதுதான். அன்புக்குரிய சீடர் யென் ஹுய் கேட்டபோது, தன்னை அடக்கி முறைக்குத் திரும்புவதே அறம் என்று பதில் சொன்னார். இரண்டு கையால் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். கையில் இருக்கும் போனைக் கீழே வைத்தாக வேண்டும், உடம்பு தானாக எதிரில் இருப்பவர் பக்கம் திரும்பும். கை பழகப் பழக மனமும் பழகும் என்பதை இங்கே என்னிடமே பார்த்தேன்.

எல்லா முறையையும் அப்படியே கட்டிக்கொண்டு அழவும் அவர் சொல்லவில்லை. சடங்குத் தொப்பி சணல் துணியில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அவர் காலத்தில் பட்டுக்கு மாறியிருந்தது. அது சிக்கனம், நானும் ஊரோடு சேர்ந்துகொள்கிறேன் என்றார். ஆனால் அரசனை மண்டபத்துக்குக் கீழே நின்று வணங்காமல் மேலே ஏறிவந்து வணங்குவதை ஆணவம் என்று சொல்லி, தான் மட்டும் கீழேயே வணங்கினார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யோசித்த மனிதர் அவர். 2022இல் இங்கே கன்பூசிய மரபைக் காக்கும் சங்க்யுன்குவான் அமைப்பே, சூசக் என்ற அறுவடைப் பண்டிகையில் முன்னோருக்கு வைக்கும் படையலுக்கு எண்ணெயில் பொரித்த பண்டங்கள் தேவையில்லை என்று அறிவித்தது. அடுப்படியில் நின்றே பண்டிகையைக் கழித்த மருமகள்களை நினைத்தபோது எனக்கு அது பெரிய செய்தியாகப் பட்டது.

அப்புறம், பணிவு ஒருவழிப் பாதை இல்லை. அரசன் தன் அமைச்சர்களை மண்ணாகவும் புல்லாகவும் நினைத்தால் அவர்கள் அவனைப் பகைவனாகத்தான் நினைப்பார்கள் என்றவர், கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த சிந்தனையாளர் மென்சியஸ். உங்கள் ஆய்வகத்தில் ஒரு சன்பே, அதாவது மூத்தவர், வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு உங்களைக் கவனிக்காமல் இருந்தால் அதைக் கன்பூசிய மரபு என்று நம்பிவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதிலிருந்து வேலை கற்றுத்தருவது வரை மூத்தவருக்குத்தான் கடமை அதிகம். அரசனுக்கு எப்படிப் பணி செய்வது என்று கன்பூசியஸிடம் அவர் சீடர் ஸிலு கேட்டபோது, ஏமாற்றாதே, ஆனால் எதிர்த்துச் சொல் என்றுதான் பதில் வந்தது. பேராசிரியர் சொல்வது தவறு என்று பட்டால் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், அவர் அறைக்குப் போய்த் தனியாகச் சொல்லுங்கள்.

விருந்தில் எங்கே உட்காருவது, மது வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். பெருங்கோயிலுக்குப் போன கன்பூசியஸ் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தார். இவருக்கா முறை தெரியும் என்று ஒருவர் ஏளனம் செய்தபோது, இப்படிக் கேட்பதுதான் முறை என்றார்.